அரை அங்குல டேப்

தில்லியில் மே மாதம் ஜன்னல் ஓரம் எதை வைத்தாலும் காய்ந்துவிடும். கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் என் மனைவி ருக்மிணி ஒரே பகலில் கூழ் வற்றல் காயவைத்து எடுத்துவிடுவாள். விசாரணை அதிகாரியான நீங்களும் தமிழர் என்பதால் இதைத் தமிழிலேயே எழுதித் தருகிறேன். ஹிந்தியில் எழுதினால் எனக்கு ஆண்பால் பெண்பால் தகராறு வரும். வாக்குமூலத்தில் பிழை இருக்கக் கூடாது.

எங்கள் ஆய்வுக்கூடம் ராணுவ வண்டிகளுக்காக ஒரு கருவி செய்தது. மூடுபனியிலும் எதிரே இருப்பதை அதன் வெப்பத்தை வைத்துக் காட்டும். அதன் கண், ஜெர்மானியம் என்ற படிகத்தில் செய்த வில்லை. அந்தப் படிகம் தன்மேல் விழும் வெப்பக்கதிரில் பாதியைத் திருப்பி அனுப்பிவிடும். அதைத் தடுக்க மேலே மெல்லிய பூச்சு போட வேண்டும். பூச்சு போடுவது விஜயலக்ஷ்மியின் பிரிவு. அது ஒட்டியதா என்று பார்ப்பது என் பிரிவு.

சோதனை எளிது. கிழிந்த காகிதம் ஒட்டுகிற அதே டேப்பைப் பூச்சின்மேல் அழுத்தி, சட்டென்று இழுக்க வேண்டும். டேப்போடு பூச்சு வந்தால் வில்லை தள்ளுபடி.

எண்பத்து நான்காம் வருடம் ஜூலையில் எல்லாமே டேப்போடு வந்தது. விஜயலக்ஷ்மி காரணம் சொன்னாள்.

"மழைக்காலம் சார். படிகத்து மேல கண்ணுக்குத் தெரியாத ஈரம் ஒட்டிண்டிருக்கு. சூடு பண்ணி அதைப் போக்காம பூச்சு போட்டா, ஈரத்து மேலதான் ஒட்டும். ஹீட்டர் எரிஞ்சு மூணு மாசமாச்சு. புதுசு வர நவம்பர் ஆகும்னு சொல்றா."

இயக்குநருக்கு நவம்பர் பிடிக்கவில்லை. ஆகஸ்ட் பதினைந்துக்குள் அறுபது கருவிகள் தருவதாக அவர் மேலே சொல்லியிருந்தார். என்னைக் கூப்பிட்டு, "அழகர்சாமி ஜி, ஜல்தி" என்றார். சீக்கிரம் என்பதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல மனிதர்.

என் மேஜைக்குப் பின்னால் ஜன்னலில் ஒரு பெட்டி டேப் கிடந்தது. மே மாதம் முழுக்க லூ என்கிற அனல்காற்று வாங்கிய டேப். கையில் ஒட்டாது, காகிதத்தில் ஒட்டாது. நான் விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். டேப்பின் அகலம் அரை அங்குலம் என்று இருந்தது. எவ்வளவு நேரம் அழுத்த வேண்டும் என்றும் இருந்தது. பசை இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. நான் இருமுறை படித்தேன்.

அறுபது வில்லைகளும் தேறின.

விஜயலக்ஷ்மி சந்தோஷப்படவில்லை. "நேத்து வரைக்கும் உரிஞ்சது இன்னிக்கு எப்படி சார் ஒட்டித்து?" என்று கேட்டாள். உங்கள் கைராசி என்றேன். அவள் கடைக்குப் போய்ப் புது டேப் வாங்கிவந்து மூன்று வில்லைகளைச் சோதித்தாள். மூன்றும் உரிந்தன. உடனே ஒரு குறிப்பு எழுதி என்னிடம் கொடுத்தாள். அதை நான் கிழிக்கவில்லை. 'கலந்து பேசலாம்' என்று ஓரத்தில் எழுதிக் கோப்பில் வைத்தேன். எங்கள் அலுவலகத்தில் அப்படி எழுதிய காகிதத்தை யாரும் திரும்ப எடுப்பதில்லை. உரிந்த மூன்றுக்கும் மறுபடி பூச்சு போடச் செய்து, என் டேப்பால் தேற்றினேன்.

மூக்கனைப் பற்றிக் கேட்டீர்கள். பரமக்குடிப் பக்கத்துப் பையன், ராணுவ ஓட்டுநர். கருவியை வண்டியில் பொருத்திப் பழக அவனை எங்களிடம் ஒரு மாதம் அனுப்பியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ருக்மிணி வைக்கும் கருவாட்டுக் குழம்புக்கு, "மதினி, இன்னுங் கொஞ்சம்" என்று தட்டை நீட்டுவான். ஆகஸ்டில் வண்டியோடு மலைக்குப் போனான்.

டிசம்பரில் ஒரு காலை, மூடுபனியில் அவன் வண்டி வளைவில் திரும்பாமல் நேராகப் போய்விட்டது. மூக்கனும் பின்னால் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். கருவியை மீட்டபோது வில்லையில் பூச்சு, பாம்புச் சட்டை மாதிரி தொங்கியதாம்.

முதல் விசாரணையில் பூச்சு போட்டது யார் என்று கேட்டார்கள். விஜயலக்ஷ்மி என்றேன். அது உண்மை. சோதனை அறிக்கை சுத்தமாக இருந்தது. அவளை இடைநீக்கம் செய்தார்கள். ஜனக்புரியில் அவள் வீட்டுக்குப் போய் ஆறுதல் சொல்லிவிட்டு வந்தேன். காபி கொடுத்தாள். அந்தக் குறிப்புக்குக் கார்பன் நகல் எடுத்து வைத்திருந்ததை மட்டும் சொல்லவில்லை. படித்தவர்கள் இப்படி மனதில் ஒன்றை வைத்துப் பழகுவது எனக்கு வருத்தம்தான்.

அந்த நகல் இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது. ஆகையால் குறித்துக்கொள்ளுங்கள். டேப்பில் பசை இல்லை என்று எனக்குத் தெரியும். பூச்சு உரியும் என்றும் தெரியும். எந்தக் கருவி யார் வண்டிக்குப் போகிறது என்ற பட்டியலில் கையெழுத்திட்டதும் நான்தான்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். புறப்படும் அன்று மூக்கன் கருவியைத் துணியால் துடைத்துக்கொண்டே, "அண்ணே, மலைப் பாதைங்கிறாக. ஒரு பக்கம் பூராம் பள்ளமாம். இத நம்பி ஓட்டலாமாண்ணே?" என்று கேட்டான்.

"நானே சோதிச்சதுடா. கண்ண மூடிட்டு ஓட்டு" என்றேன்.

வேறென்ன சொல்வது? மனதில் பயத்தை வைத்துக்கொண்டு மலையில் வண்டி ஓட்டுவது ஆபத்து.