இருநூத்துப் பதிமூணாம் நம்பர் மெஷின்

இல்லாத மெஷினை வித்துட்டு வந்து நிக்கிறாருக்கா! இல்லாத மெஷினை! இன்னும் படம் வரையல, ஒரு போல்ட்டு கூட வாங்கல... ஆனா கஸ்டமர்கிட்ட கையெழுத்து வாங்கியாச்சு! யாரா? எங்க வீட்டுக்காரர்தான். மூணாவது மாடில சேல்ஸ்ல, சட்டைப் பையில எப்பவும் ரெண்டு பேனா குத்திக்கிட்டு... ஆங், அவரேதான். நான் நாலாவது மாடி, கம்ப்ரஸர் டிசைன். நீங்க வந்து ரெண்டு மாசம்தானே ஆகுது, தெரிஞ்சிருக்காது. உக்காரலாமா? உக்காந்துட்டேன். அப்பப்பா, என்ன குளிரு உங்க ரூம்ல! இந்த டேட்டாபேஸ் பெட்டிங்களுக்குக் கிடைக்கிற மரியாதை நமக்கெங்க கிடைக்குது!

பதினோரு மணிக்கு மீட்டிங்க்கா. அவரைக் கூப்பிட்டிருக்காங்க. 'நீ வித்த மெஷினோட கேசிங் படம் எங்கே?'ன்னு கேக்கப் போறாங்க. கேசிங்னா வெளிக்கூடு. அது இல்லாம மெஷின் ஏது? என்ன சொல்வார் மனுஷன்? காலையில வெச்ச முட்டையைத் தொடவே இல்ல. ஒரு கால்ல கறுப்பு சாக்ஸ், ஒரு கால்ல நீலம். 'வேலை போனா போகட்டும்'ங்கறார், அதுவும் சிரிச்சுக்கிட்டே! எனக்கு அழுகையும் வருது, கூடவே சிரிப்பும் வருது. ரெண்டும் ஒண்ணா வந்தா நல்லதில்லைல்ல?

அதனால நீங்க ஒரே ஒரு உதவி பண்ணணும். அந்த இருநூத்துப் பதிமூணாம் நம்பர் மெஷினை டேட்டாபேஸ்லேருந்து அழிச்சிடுங்க. ஒரு பட்டன்தானே? மெஷினையே காணோம்னா, 'கம்ப்யூட்டர் ஏதோ உளறியிருக்கு, பாவம் அவர் என்ன பண்ணுவார்'னு விட்டுடுவாங்க.

ஏன் அப்படிப் பாக்குறீங்க? சரி சரி, முதல்லேருந்து சொல்றேன். கம்ப்ரஸர்னா என்ன? வாயுவை உள்ள இழுத்து, நல்லா அமுக்கி, அந்தப் பக்கம் தள்ளணும். அவ்வளவுதான், ஆனா ஒரு பஸ் அளவுக்கு இருக்கும். அதுக்குள்ள சுத்துற சக்கரம்தான் இம்பெல்லர். முன்னெல்லாம் எங்க டிசைன்ல அளவு ஒரு இடத்துல, படம் ஒரு இடத்துல, கணக்கு வேற எங்கியோ. மூணும் மூணு விதமா பேசும். அப்புறம்தான் இந்த ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் வந்துது. உங்களுக்கே சொல்லித் தர்றேன் பாருங்க! பரவால்ல, சொன்னாதான் எனக்குத் திருப்தி. இதுல ஒரு இம்பெல்லர்னா அதோட அளவு, படம், கணக்கு எல்லாம் சேந்து ஒரே ஆள். மெஷின்னா இம்பெல்லர், ஷாஃப்ட், பேரிங், கேசிங்னு ஒண்ணு கையை ஒண்ணு பிடிச்சுக்கிட்டு நிக்கிற குடும்பம். ஆயில் சீல் எங்க சின்ன நாத்தனார் மாதிரி, எதைக் குடுத்தாலும் கசிய விட்டுடும். மோட்டாரை நாங்க மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடுவோம். வெளியிலேருந்து வர்றவரு, அவர் அளவுல ஒரு மில்லிமீட்டர் குறைன்னு சொல்ல முடியாது. மொத்தக் குடும்பமும் அவருக்கு ஏத்தாப்ல நகந்து உக்காரணும்...

எங்க விட்டேன்? ஆங், அழிக்கிறது. அழிச்சாச்சா? என்னது, அழியாதா? கஸ்டமரோட ஆர்டர் அதைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதா? அட... ஆமா, யாராவது கையைப் பிடிச்சிருந்தா அழிக்க முடியாது. எனக்குத் தெரியாதா அந்த விதி? அந்த விதியை நம்பித்தானே நான்...

ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லக்கா. அந்த 'உருவாக்கியவர்'னு ஒரு கட்டம் இருக்கே, அதைக் கொஞ்சம் கீழ தள்ளிடுங்களேன். கண்ணைக் கூசுது... பாத்துட்டீங்களா? சரி. நான்தான். அந்த மெஷினை உண்டாக்கினது நான்தான்க்கா.

திட்டாதீங்க, கேளுங்க. மூணு வருஷம் உக்காந்து ஒரு இம்பெல்லர் செஞ்சேன். பதினேழு இறக்கை. மத்த இம்பெல்லரெல்லாம் வாயு வரத்து குறைஞ்சா போதும், மெஷினையே தடதடன்னு உதற வெச்சிடும். என்னோடது பாதி வாயுலயும் உதறாது! கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டினேன். எல்லாரும் கை தட்டினாங்க. தட்டிட்டு சாப்பிடப் போயிட்டாங்க. ஒரு மெஷின்லயும் போடல. யாரும் கையைப் பிடிக்காத பாகத்தை மாசக் கடைசியில பெருக்கித் தள்ளிடுமே உங்க டேட்டாபேஸ்? மாசக் கடைசி வந்தா போதும், அது இருக்கான்னு திறந்து திறந்து பாப்பேன். அதான் பேருக்கு ஒரு மெஷினை உண்டாக்கி, இம்பெல்லரை அதுல மாட்டிவிட்டேன். இனிமே எவனும் தொட முடியாதுல்ல? ஆனா ஷாஃப்ட் எங்கேன்னு டேட்டாபேஸ் கேட்டுது. மாட்டினேன். பேரிங் கேட்டுது, மாட்டினேன். மாப்பிள்ளை எங்கேன்னு கேட்டுது! அவரையும் கூட்டிக்கிட்டு வந்தேன். கேசிங் கேட்டப்ப ஒரு வெள்ளைத் தாளை மாட்டிவிட்டேன். எவ்வளவு கரண்ட் இழுக்கும்னு கேட்டுது... முந்நூறு கிலோவாட்னு அடிச்சேன். சும்மா, வாய்க்கு வந்த நம்பர்!

எட்டு வருஷம்க்கா. எட்டு வருஷம் அது பாட்டுக்கு நிம்மதியா இருந்துது. இந்த மனுஷன் போயி அதையா தேர்ந்தெடுக்கணும்? கஸ்டமர் தேவையைப் போட்டா பொருத்தமான மெஷினை, கம்மி கரண்ட் இழுக்கிறது முதல்லன்னு வரிசையா காட்டுமே அந்தப் புரோகிராம், அதுல முந்நூறுன்னு முதல்ல வந்து நின்னிருக்கும். கண்ணை மூடிக்கிட்டு அமுக்கிட்டார். தக்காளி வாங்குறதும் இப்படித்தான், கூடையில மேல கிடக்குறதை அப்படியே அள்ளிக்கிட்டு வருவார். அது என் இம்பெல்லர்னு கூடத் தெரிஞ்சிருக்காது. எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! சாப்பிடும்போது சொல்வேன், துணி மடிக்கும்போது சொல்வேன், அவர் பல் தேய்க்கும்போது கதவுக்கு வெளிய நின்னு சொல்வேன். 'ம்'. அவ்வளவுதான் பதில். அந்த 'ம்'மையும் சில நாள் தூக்கத்துல...

என்னக்கா காட்டுறீங்க? அவர் தேர்ந்தெடுத்த அன்னிக்கு வந்த வரிசையா? அதையெல்லாமா எழுதி வெச்சிருக்கும்? இருங்க, பாக்குறேன். முதல்ல நூத்து நாப்பதாம் நம்பர், முந்நூத்து இருபத்தொம்பது கிலோவாட். ரெண்டாவது என்னோடது... முந்நூத்து முப்பத்தி நாலா? நான் முந்நூறுன்னு தானே அடிச்சேன்... ஓ! நீங்க வந்ததும் மாத்திட்டீங்களா? ஆளுங்க அடிச்ச நம்பரை ஒதுக்கிட்டு அதுவே கணக்குப் போட்டுக்குதா? அப்ப இது நிஜ நம்பரா? அக்கா! நிஜத்துலயே இவ்வளவு நல்லாவா இருக்கு என் மெஷின்? நூத்து நாப்பதுக்கு அஞ்சே கிலோவாட்தான் கூட! அட, கையைக் குடுங்க!

இருங்க இருங்க. அப்ப முதல்ல வந்தது என்னோடது இல்லையே. முதல்ல நின்னதை விட்டுட்டு ரெண்டாவதை எதுக்கு எடுத்தார்? தாண்டிப் போனா காரணம் எழுதச் சொல்லுமா? எழுதியிருக்காரா? நீங்க படிக்க வேணாம், தள்ளுங்க, நானே படிக்கிறேன்.

'கஸ்டமர் ஆலையில் வாயு அடிக்கடி பாதியாகக் குறையும். இந்த இம்பெல்லர் அப்போதும் உதறாது. கேசிங் வெறும் தாளாக உள்ளது, இனிமேல்தான் வரைய வேண்டும். அதற்கு நான்கு மாதம் கேட்டு வாங்கியிருக்கிறேன். தகவல் கிடைத்த இடம்: எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜை, எட்டு வருடமாக.'

இருங்க, இன்னொரு தடவை படிக்கிறேன். தண்ணி வேணாம். வெள்ளைத் தாளைப் பாத்திருக்காருக்கா! பாத்துட்டு நாலு மாசம் கேட்டு வாங்கியிருக்கார்! பாதி வாயுன்னு அப்படியே என் வாய்லேருந்து வந்த மாதிரி எழுதியிருக்கார். அத்தனை 'ம்'மும் கேட்டுக்கிட்டு சொன்ன 'ம்'மா? எவ்வளவு சந்தோஷமா இருக்கு தெரியுமா, வெக்கமா வேற இருக்கு. இங்க உக்காந்து அரை மணி நேரமா அவரைப் பிச்சு மேஞ்சுட்டேனே! மீட்டிங்ல என் பேரைச் சொல்லவே மாட்டாரு. எல்லாத்தையும் தன் தலையில தூக்கிப் போட்டுக்குவார். வேலை போனா போகட்டும்னு சொன்னாரே, அது இதுக்குத்தான்...

மணி என்ன? பத்து அம்பத்தேழா! என்னைப் பேச விட்டுட்டு வேடிக்கை பாக்குறீங்களே! அந்தப் பக்கத்தை அச்செடுங்க, சீக்கிரம். நானே உள்ள போறேன். வித்தது இவர், வரையாம எட்டு வருஷம் வெச்சிருந்தது நான்னு சொல்லிடறேன். கேசிங் வேணும்னா இன்னிக்கு மத்தியானமே உக்காந்து ஆரம்பிக்கிறேன். வேலையை விட்டுத் தூக்கணும்னா என்னைத் தூக்கட்டும்... என் செருப்பு எங்க? இந்த நாற்காலிக்கு அடியிலதான் கழட்டினேன்... கிடைச்சுது. வாங்கக்கா, லிஃப்ட் வேணாம், படியிலயே...

அக்கா? எங்க போனீங்க? அய்யோ, தாளை எடுத்துக்கிட்டு அவங்க பாட்டுக்கு மீட்டிங் ரூமுக்கு ஓடுறாங்களே! அக்கா, நில்லுங்க! அதை நான்தான் குடுக்கணும்! அது என் மெஷின்க்கா... அவரு என் வீட்டுக்காரர்!