வலது ஓரத்துக் கோடு

விசாரிக்கப்பட்ட சாட்சி: கடைத்தெருவில் 'மூட்டை' என்று அறியப்படுபவர். வயது ஐம்பத்து நான்கு. தொழில்: அலுவலக இயந்திரங்கள் விற்பனை. விலாசம்: கடைக்கு மேல் மாடி.

நான் மேற்கண்ட விலாசத்தில் மனைவி, மனைவியின் தங்கை ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். முதலில் சந்தையில் மூட்டை தூக்கினேன், அதன் பிறகு பழைய டைப்ரைட்டர்களை வாங்கிச் சரிசெய்து விற்றேன், அதன் பிறகு இந்தக் கடையைப் பிடித்தேன். பட்டப்பெயரில் எனக்கு வருத்தமில்லை, பில்லிலும் அதைத்தான் அச்சடித்திருக்கிறேன்.

இந்த வழக்கில் புகார் கொடுத்த வக்கீலையும், அவரிடம் வேலை பார்த்த டைப்பிஸ்ட் அம்மாவையும் எனக்குத் தெரியும். கட்சிக்காரரின் வீட்டுப் பாகப்பிரிவினை ஒப்பந்தத்தின் அசலை எடுத்துக்கொண்டு கோப்பில் நகலை வைத்துவிட்டார் என்று, அலுவலக பீரோ சாவி அவரிடம் இருந்த காரணத்தால், அந்த அம்மா மேல் புகார் என்பதும் தெரியும்.

சென்ற மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் காலை இருவரும் நகல் மெஷின் வாங்க என் கடைக்கு வந்தார்கள். வக்கீல் கலர் மெஷின் கேட்டார். "சார், நாம என்ன கல்யாணப் பத்திரிகையா அடிக்கப்போறோம்? கோர்ட்டுக்குப் போற காகிதத்துல கருப்பையும் வெள்ளையையும் விட்டா வேற என்ன இருக்கு?" என்று டைப்பிஸ்ட் கேட்டார். நானும் கருப்பு வெள்ளையே போதும் என்றேன். இது பெரிய மனசால் சொன்னது அல்ல. தேவைக்கு மேல் வாங்கியவர்தான் தினமும் போன் போட்டு உயிரை எடுப்பார்.

அதன் பிறகு, பார்வைக்கு வைத்திருந்த கருப்பு வெள்ளை மெஷினைப் போட்டுக் காட்டினேன். பளிச்சென்ற தாளை எந்த மெஷினும் நன்றாகத்தான் எடுக்கும், ஆகவே உங்களிடம் உள்ளதிலேயே மங்கலான தாளை வைத்துப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். அவரிடமும் சொன்னேன். வக்கீல் கையிலிருந்த கோப்பைத் திறந்து மேற்படி ஒப்பந்தத்தை எடுத்தார். ஒற்றைத் தாள், மை தீர்ந்துபோன பிரிண்டரில் அடித்தது, கையெழுத்துகள் கருப்பு மையில். மூடியைத் தூக்கி அவரே வைத்தார், அவரே இரண்டு நகல் வரும்படி பொத்தானை அழுத்தினார். அப்போது அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே, வந்து விழுந்த இரண்டு தாள்களையும் எடுத்து, "அடடா, எது அசல் எது நகல்னே தெரியலையே!" என்று சொல்லி, ஒன்றைக் கோப்பில் வைத்துவிட்டு மற்றதை டைப்பிஸ்ட்டிடம் கொடுத்தார். மூடியைத் திரும்பத் திறக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. எனக்கு வியாபாரம் முடிகிற நேரம்.

அதன் பிறகு டைப்பிஸ்ட் தன் கையிலிருந்த தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "என்னண்ணே இது, வலது ஓரத்துல அரிசி நீளத்துக்கு ஒரு கோடு?" என்று கேட்டார். யாரோ ஸ்டேப்ளர் பின்னோடு வைத்து இழுத்ததில் கண்ணாடியில் விழுந்த கீறல் அது என்றும், அதனால்தான் அந்த மெஷினுக்கு விலை குறைவு என்றும் சொன்னேன். வக்கீல் அதுவே போதும் என்றார். "நீங்க சொல்லிட்டுப் போயிடுவீங்க சார், கட்சிக்காரங்ககிட்ட இது எழுத்தில்ல கீறல்னு வருஷம் பூரா விளக்கம் சொல்றது நான்" என்று டைப்பிஸ்ட் பிடிவாதம் பிடித்தார். அதே தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டு, கீறல் விழுந்த மெஷினின் விலைக்கே பெட்டி பிரிக்காத புதியதைக் கேட்டார். என் கடையில் என்னையே மூட்டை கட்டிய ஆள் அந்த அம்மா ஒருவர்தான். பேரம் முடிந்து புதியது போயிற்று. கணக்குப் போட்ட தாள் பில் கட்டோடு என்னிடமே நின்றுவிட்டது.

அதன் பிறகு சென்ற வாரம் வக்கீல் என்னைத் தன் அலுவலகத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். டைப்பிஸ்ட்டின் நாற்காலியில் கோப்புகள் அடுக்கியிருந்தன. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு தாளைத் திருப்பிப் பார்க்கக் கேட்டதாகவும், அசலில் சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருந்த பின்பக்கம் இதில் வெறுமையாக இருந்ததாகவும் சொன்னார். அந்தத் தாளை என்னிடம் காட்டி, "அவ இங்கேயே நகல் எடுத்து மாத்திட்டான்னு காட்டணும். இது இந்த ஆபீஸ் மெஷின்ல எடுத்ததுன்னு மட்டும் ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க" என்றார். தாளின் வலது ஓரத்தில் அரிசி நீளத்துக்குக் கோடு இருந்தது. அலுவலக மெஷினில் ஒரு நகல் எடுத்துப் பார்த்தேன், கோடு விழவில்லை. லெட்டர் எழுதாமல் கடைக்குத் திரும்பினேன்.

அதன் பிறகு என் மைத்துனியிடம் விசாரித்தேன். கடையைப் பூட்டுமுன் மெஷின் கண்ணாடியைத் துடைப்பது அவள் வேலை. "நகலைக் குழந்தை மாதிரி தூக்கிட்டுப் போறாங்க மாமா, அசலை அம்போன்னு விட்டுடறாங்க" என்று சொல்லி, அப்படி விட்டுப்போனவற்றைப் போட்டு வைக்கும் செருப்பு அட்டைப்பெட்டியை எடுத்து வந்தாள். பிறப்புச் சான்றிதழ் ஒன்றுக்கும் யாருடையதோ வாடகை ரசீதுக்கும் நடுவில் ஒப்பந்தம் இருந்தது. போன் நம்பர் இருந்தால் கூப்பிட்டுச் சொல்வாள். இதில் இல்லை.

மறுநாள் லெட்டர் கேட்டு வக்கீலே கடைக்கு வந்தார். அசல் கிடைத்துவிட்டது என்று நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அதன் பிறகு, "அதை என்கிட்ட குடுத்துடுங்க. பக்கத்துல நாலு வக்கீலுங்க மெஷின் தேடிக்கிட்டிருக்காங்க, நான் அனுப்பி வைக்கிறேன்" என்றார். "குடுக்கறேன் சார், அந்தம்மா மேல இருக்கிற புகாரை வாபஸ் வாங்கிடறீங்களா?" என்று கேட்டேன். "கை தவறி நானே விட்டேன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? அவ கொண்டுவந்து போட்டுட்டான்னு முடிச்சுக்கலாம்" என்றார். நாலு மெஷின் எனக்கு நல்ல வியாபாரம்தான், ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் யோசிக்கவும் செய்தேன். ஆனால் திருடி என்ற பெயரோடு அந்த அம்மா இந்தத் தெருவில் எந்தக் கடைக்குப் போய் வேலை கேட்பார்? தாளை அவரிடம் கொடுக்காமல் இந்தக் காவல் நிலையத்துக்குக் கொண்டுவந்தேன்.

அசல் ஒப்பந்தத்தையும், டைப்பிஸ்ட் கணக்குப் போட்ட தாளையும் ஆய்வாளரிடம் ஒப்படைத்துள்ளேன். கீறல் விழுந்த மெஷின் கடையிலேயே இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துப் பார்க்கலாம்.

ஒப்பந்தத்துக்குப் படி எடுக்க அடுத்த அறைக்குப் போன காவலர் ஒரே ஒரு தாளோடு திரும்பி வந்தார். "பின்பக்கத்தைத் திருப்புங்க தம்பி" என்றேன். வெறுமையாக இருந்தது. அவர் மறுபடி போய் மூடியைத் திறந்து அசலை எடுத்து வந்தார். இதையும் எழுதிக்கொள்ளும்படி ஆய்வாளரிடம் கேட்டுக்கொண்டேன். அவர் சிரிக்காமல் எழுதினார்.

இதில் உள்ளதெல்லாம் நான் கண்டதும் கேட்டதும். வற்புறுத்தலின் பேரில் எதையும் சொல்லவில்லை. வாசித்துக் காட்டக் கேட்டு, சரி என்று ஒப்புக்கொண்டு கீழே கையெழுத்திடுகிறேன். மேசையில் கருப்புப் பேனாதான் இருந்தது. ஆய்வாளர் அனுமதியோடு என் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து நீல மையில் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)
மூட்டை