நூத்துப்பத்து கிராம் சட்டி

டைட்டானியம் சட்டி வாங்கறதுன்னா எழுநூத்தம்பது மில்லி எடு லோகன், ஒரு ஆளுக்கு அது தாராளம். ரெட்டைச் சுவர் வச்சதை மட்டும் எடுக்காதே. அதுல காப்பி ஆறாம இருக்கும், ஆனா அடுப்புல வைக்கக்கூடாது. இதுல சோறு வடிக்கவும் பார்க்காதே, தகடு மெல்லிசு, அடிப்பிடிச்சுடும். தண்ணி கொதிக்க வைக்க இதை மிஞ்ச ஆளில்லை. துரு ஏறாது, பாறையில விழுந்தாலும் ஒண்ணும் ஆகாது. பெட்டாலிங் ஜெயாவுல இந்தக் கேம்பிங் கடையில பதினோரு வருஷமா நிக்கிறேன், ஒருத்தர்கூட உடைஞ்சதுன்னு திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

என் தம்பி யுகேந்திரனுக்கும் இதேதான் எடுத்துக் கொடுத்தேன். மூடியோட நூத்துப்பத்து கிராம். அவன்கூட நீ எத்தனை மலை ஏறியிருப்பே, உனக்குத் தெரியாததா. இப்ப கேட்டியே, "அவன் எப்பவும் கொதிக்க வச்சுத்தானே அண்ணே குடிப்பான், அவனுக்கு எப்படி இந்தக் காய்ச்சல் வந்துச்சு"ன்னு. நியாயமான கேள்வி. சாவு வீட்ல யாரும் இதைக் கேட்கலை. உட்காரு, சொல்றேன்.

எங்கம்மா பக்கவாதம் வந்து படுத்து நாலு வருஷம் ஆச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடணும், இல்லேன்னா முதுகு புண்ணாயிடும். பகல்ல செந்தூல் ஃப்ளாட்டுக்குச் சம்பளத்துக்கு ஒரு அம்மா வந்து பார்த்துக்குவாங்க, ராத்திரி எங்க பாடு. மூணு ராத்திரி அவன், நாலு ராத்திரி நான்னு பேச்சு. அவன் காதுல எதையாவது மாட்டிக்கிட்டுத் தூங்கிடுவான். வாரக் கடைசியில மலை. "எனக்கும் மூச்சு விடணும்ல அண்ணே"ம்பான். எனக்குச் சண்டை போடத் தெரியாது. "இந்த ஒரு வாரம் இரு லா, ஒரு ராத்திரி தூங்கிக்கிறேன்"னு கெஞ்சிப் பார்த்தேன். "அடுத்த வாரம் கண்டிப்பா"ன்னான். எத்தனையோ அடுத்த வாரம் போச்சு.

உனக்கு வேலை இருக்குன்னு நீ வராம, அவன் தனியா பகாங் காட்டுப் பக்கம் மலையேறக் கிளம்பினானே, அந்த வெள்ளிக்கிழமை. அவன் குளிக்கிற நேரத்துல பையிலிருந்து சட்டியை எடுத்துச் சமையல் மேடையில கவுத்து வச்சேன், அவனே மறந்த மாதிரி. எவர்சில்வரா இருந்தா பையைத் தூக்கினதுமே கண்டுபிடிச்சிருப்பான். கூடுதல் கனம்னு தண்ணி வடிகட்டியும் எடுத்துட்டுப் போக மாட்டான். ஒண்ணு, சட்டி இல்லேன்னு திரும்பி வந்துடுவான். இல்லேன்னா ஆத்துத் தண்ணியைக் குடிச்சு, வயிறு கெட்டு ரெண்டு வாரம் கிடப்பான். எப்படியும் வீட்ல இருப்பான்னு நினைச்சேன்.

அவன் பாதியில திரும்பலை. ஞாயித்துக்கிழமை சாயந்தரம் சிரிச்சுக்கிட்டே வந்தான். "சட்டியை மறந்துட்டுப் போயிட்டேன் அண்ணே, வயசாயிடுச்சு போல"ன்னான். ரொட்டியும் ஆத்துத் தண்ணியுமா ஓட்டியிருக்கான். வயிறுகூடக் கெடலை. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

பத்து நாள் கழிச்சுக் காய்ச்சல். வார்டுல சேர்க்கிறப்பவே பிதற்ற ஆரம்பிச்சுட்டான். டெங்கின்னு சந்தேகப்பட்டாங்க. "காட்டுக்கு, ஆத்துக்கு எங்கயாவது போனாரா"ன்னு டாக்டர் என்னைத்தான் கேட்டாங்க. "இல்ல டாக்டர், ஆபீஸ், வீடு, அவ்வளவுதான்"னேன். சட்டி விஷயம் வெளிய வந்துடுமோன்னு பயம். அன்னைக்கு வெறும் பயம்தான், சத்தியமா.

அன்னைக்குச் சாயந்தரம் கிள்ளான்லேர்ந்து புஷ்பவல்லி சித்தி வந்து இறங்கினாங்க. "அவன் வீட்டுக்கு வர்ற வரைக்கும் உங்கம்மாவை நான் பார்த்துக்கிறேன், நீ போய்ப் படு"ன்னாங்க. படுத்தேன். நாலு வருஷத்துல முதல் தடவையா விடியிற வரைக்கும் தூங்கினேன் லோகன். எந்திரிச்சு ரெண்டு தோசை சாப்பிட்டேன், ருசியா இருந்துச்சு.

மறுநாள் டாக்டர் திரும்பவும் அதையே கேட்டாங்க. அப்ப எனக்குப் பயம் இல்லை. "எங்கயும் போகலை"ன்னேன். நீகூட போன் பண்ணி, "காட்டுக்குப் போனதைச் சொல்லிட்டீங்களா அண்ணே"ன்னு கேட்டே. "முதல் நாளே சொல்லியாச்சு லா"ன்னேன். எலி மூத்திரம் கலந்த ஆத்துத் தண்ணியால வர்ற காய்ச்சல்னு நாலாவது நாள் அவங்களாவே கண்டுபிடிச்சாங்க. அதுக்குள்ள கிட்னி போயிடுச்சு.

மருந்து அங்கேயேதான் இருந்துச்சு. தினமும் காலையில சொல்லிடணும்னுதான் போவேன். சொன்னா அவனுக்குக் குணமாயிடும், வீட்டுக்கு வந்துடுவான், சித்தி கிளம்பிடுவாங்க. அந்த நினைப்பு வந்ததும் கல்லுப் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துடுவேன். அவன் சாகணும்னு ஒரு தடவைகூட நான் நினைக்கலை. இன்னும் ஒரு ராத்திரி, அவ்வளவுதான் கேட்டேன்.

கருமாதி முடிஞ்சதும் சித்தி போயிட்டாங்க. இப்ப ஏழு ராத்திரியும் நான்தான். போலீசைக் கூப்பிடறதுன்னா கூப்பிடு, நான் ஓட மாட்டேன். சித்திக்கும் ஒரு போன் போட்டுடு, அம்மாவுக்கு ஆள் வேணும். ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா சொல்லு லோகன், லாக்கப்புல ராத்திரி யாரும் எழுப்ப மாட்டாங்கல்ல?