சிங்கத்தின் வாயில் ஒரு முகம்

மியூசியம் காப்பாளர்: அடுத்த தங்கக் காசு. என்ன தெரியுதுக்கா?

காவல்கார அக்கா: நாய் ஒண்ணு நிக்குது. அடியில ரெண்டு குழந்தைங்க பால் குடிக்குது.

காப்பாளர்: நாய் இல்லக்கா, ஓநாய். ரோமாபுரியைக் கட்டின அண்ணன் தம்பிக்குப் பால் குடுத்தது. மூணாவது விவரச் சீட்டை வையுங்க.

அக்கா: வாசல்ல நிக்கிற செக்யூரிட்டிக்கு எதுக்கு சார் தினம் இந்தப் பரீட்சை?

காப்பாளர்: மியூசியம் பாக்க வர்றவங்க உங்களைத்தானே முதல்ல கேப்பாங்க... அடுத்தது?

அக்கா: ஐயோ பாவம். சிங்கம் ஒருத்தனை முழுங்கிட்டிருக்கு. மூஞ்சி மட்டும்தான் பாக்கி.

காப்பாளர்: முழுங்கலக்கா. அவன் கொன்ன சிங்கம் அது. தோலை உரிச்சுத் தலையில மாட்டியிருக்கான். கிரேக்க வீரன் ஹெர்குலிஸ்.

அக்கா: குல்லா வாங்க வக்கில்ல போல.

காப்பாளர்: சிரிக்க வைக்காதீங்க. பன்னெண்டு மணிக்கு டைரக்டரம்மா வர்றாங்க. ஒரு சீட்டு மாறினாலும் நாணயப் பிரிவை என்கிட்டேருந்து பிடுங்கிடுவாங்க. குடுங்க, இதை நானே வைக்கிறேன்.

அக்கா: சார்... தலைகீழா வச்சிருக்கீங்க.

காப்பாளர்: ம்... நீங்க கவனிக்கிறீங்களான்னு பார்த்தேன்.

அக்கா: கவனிச்சுட்டுதான் இருக்கேன்... கடைசிக் காசு. றெக்கை வச்ச பொம்பளை. உருண்டை மேல நிக்கிறா. கையில வளையம்.

காப்பாளர்: வெற்றித் தேவதை. அது வளையம் இல்ல, மாலை. ஜெயிச்சவங்க தலையில வைக்கிறது. நியாயமா உங்களுக்குத்தான் வைக்கணும்.

அக்கா: எனக்கெதுக்கு? நின்னு நின்னு கால் வீங்கிப் போனவளுக்கு நாற்காலி போடச் சொல்லி ஆபீஸ்ல சண்டை போட்டது யாரு? நான் மறப்பேனா?

காப்பாளர்: அது வெறும் நாற்காலிக்கா. நீங்க செஞ்சது... ஒண்ணு மறைச்சுட்டேன் உங்ககிட்ட.

அக்கா: சொல்லுங்க.

காப்பாளர்: இது பரீட்சையே இல்ல. ரெண்டு மாசமா எனக்குக் காசெல்லாம் மஞ்சளா ஒரு பொட்டாத்தான் தெரியுது. திங்கட்கிழமை கண் ஆபரேஷன். சரியாயிடும்னு டாக்டர் சொல்றாரு. ஆனா அதுக்குள்ள இந்தக் காசுப் பெட்டியை அடுக்கணுமே... முழுக்க உங்க கண்ணாலதான் முடிச்சேன். எப்படி நன்றி சொல்றதுன்னு...

அக்கா: தெரியும் சார். போன மாசம் வேணும்னே காசே இல்லாத காலித் தட்டை உங்க முன்னாடி வச்சேன். "அடேங்கப்பா, என்னமா மின்னுது"ன்னீங்க. அன்னையிலேருந்துதான் நான் அரை மணி முன்னாடியே வேலைக்கு வர்றேன்... எழுந்திருங்க, டைரக்டரம்மா செருப்புச் சத்தம் கேக்குது. மூணாவது ஓநாய், நாலாவது சிங்கத்தோல், அஞ்சாவது றெக்கை. நான் பின்னாடியேதான் நிப்பேன்.