ரொட்டி மேல் சத்தியம்

சபீர்குல்: டீ போதும் தம்பி. அந்த ரொட்டியை இப்படி நகர்த்து.

மெலிஸ்: எதிர் ஆபீஸ்காரர் என் படியேறி வந்திருக்கீங்க... என்னண்ணே விஷயம்?

சபீர்குல்: முந்தாநாள் விருந்துல எனக்கு என்ன எலும்பு வச்சாங்க, பாத்தியா?

மெலிஸ்: விலா.

சபீர்குல்: விலா! பதினாறு வருஷமா பெரிய மனுஷனுக்கு வைக்கற இடுப்பெலும்பு வாங்கின கை இது. ஆட்டுக்கு நோயில்லைன்னு நான் சீட்டு எழுதினாத்தான் சந்தைக்குள்ள விடுவாங்க. கேக்காமலே வாசல்ல ஒரு குட்டியைக் கட்டிட்டுப் போவாங்க.

மெலிஸ்: அதனாலதானே மேலிடத்துல என்னையும் எழுதச் சொல்லி எதிர்ல உக்கார வச்சாங்க.

சபீர்குல்: நீ வந்ததும் குட்டி போய் தொடைக்கறி ஆச்சு...

மெலிஸ்: நீங்க ஒரு பை காஞ்ச தயிருருண்டைக்கு எறங்கினீங்க.

சபீர்குல்: நீ ஒரு குடுவை குமிஸுக்கு, வெறும் புளிச்ச குதிரைப்பாலுக்கு எழுதினியே!

மெலிஸ்: அப்புறம் நீங்க, சலாம் சொன்னாப் போதும்னீங்க.

சபீர்குல்: இப்ப ஆட்டுக்காரன் அதுவும் சொல்றதில்ல. "சீக்கிரம் எழுதுய்யா, எதிர்ல கூட்டமே இல்ல"ங்கறான்.

மெலிஸ்: எங்கிட்டயும் அதே பாட்டுத்தான்.

சபீர்குல்: வருஷக் கடைசியில யார் கம்மியா எழுதியிருக்கானோ அவன் ஆபீஸை மூடறாங்களாம்.

மெலிஸ்: தெரியும். பயமாத்தான் இருக்கு.

சபீர்குல்: அதான் வந்தேன். இனி ரெண்டு பேரும் சமமா எழுதுவோம். இந்த ஞாயித்துக்கிழமை சந்தையிலேருந்து, குட்டி இல்லைன்னா சீட்டு இல்ல. இங்கயும், அங்கயும்.

மெலிஸ்: சரிண்ணே!

சபீர்குல்: வாயால சொன்னா ஆச்சா? ஆளுக்கொரு துண்டு பிய்ப்போம். "பேச்சு மாறினா இந்த ரொட்டி என்னை அடிக்கட்டும்"னு சொல்லித் தின்னு.

மெலிஸ்: நீங்க பெரியவங்க... முதல்ல நீங்க.

சபீர்குல்: உன் வீட்டு ரொட்டி. நீ ஆரம்பி.

மெலிஸ்: பல்வலிண்ணே...

சபீர்குல்: டீயில நனைச்சுக்கோ.

மெலிஸ்: நீங்களும் கையிலயே வச்சிருக்கீங்களே?

சபீர்குல்: சூடு ஆறட்டும்னு...

மெலிஸ்: அது நேத்து சுட்டதுண்ணே.

சபீர்குல்: தின்னா நிஜமாவே அடிச்சிரும்டா. காலையிலயே மேல்மலைக்குக் குதிரை ஏறிப் போனேன். அங்கேருந்து ஞாயித்துக்கிழமைக்கு வர்ற அத்தனை மந்தைக்கும் கூடாரம் கூடாரமா எழுதிக் கொடுத்துட்டேன். சும்மா. நீ என்ன பண்ணின, சொல்லு.

மெலிஸ்: நான் கீழ்மலைக்குப் போனேன். உங்க மச்சான் மட்டும், சீட்டைச் சும்மா கொடுத்தா வாங்க மாட்டேன்னுட்டார்... ஒரு குட்டி நானே கொடுத்தேண்ணே.