பொறகால மழை

— இன்னும் அக்கட்ட தள்ளுடா தவசி. அந்த மூலைக்கு. என்ன, காலையில சோறு திங்கலையா? ஸ்பீக்கரு வெக்கச் சொன்னா கொலுப்பொம்மை வெக்கறாப்பல தடவிக்கிட்டு இருக்கறே.

— செவுரு முடிஞ்சு போச்சு மொதலாளி. இதுக்கு மேலன்னா பக்கத்து வீட்டுலதான் கொண்டுபோய் வைக்கணும்.

— என்னடா?

— இல்ல மொதலாளி, இந்த இடம் சரியா இருக்கும்னு சொன்னேன். படம் பாக்கிறவங்க தலைக்குப் பின்னாடி ரெண்டு. முன்னாடி மூணு. கீழ அந்தப் பெரிய பொட்டி. மொத்தம் ஆறு.

— ஏனுங்க, ஒரு படம் பாக்கறதுக்கு ஆறு பொட்டியா? ஆண்டவன் ரெண்டு காதுதானுங்க குடுத்திருக்கறான்.

— வந்துட்டயா மயிலா. உனக்கு இதெல்லாம் எங்க தெரியப் போகுது. டூரிங் கொட்டாயில மண்ணைக் குமிச்சு வெச்சு அதுமேல உக்காந்து படம் பாத்தவ நீ. இது ஹோம் தியேட்டரு.

— நீங்களும் அதே கொட்டாயிலதானுங்க, பக்கத்துக் குமியில உக்காந்திருந்தீங்க.

— அது அப்ப. இப்ப எக்ஸ்போர்ட்டு கம்பெனி நாச்சிமுத்துன்னா அவனாசி ரோடு முச்சூடும் தெரியும்.

— தெரியட்டுமுங்க. ஒரம்பரை சனம் வந்தாப் படுக்கறதுக்குன்னு இருந்தது இந்த ஒரு ரூமு. சன்னல அடச்சாச்சு. செவுரு பூராவும் கம்பெனி கட்டிங் வேஸ்ட்டத் திணிச்சுப் பலகை அடிச்சாச்சு. எலி குட்டி போட்டு வளத்தறதுக்கு நல்ல எடமுங்க.

— அது சத்தம் வெளிய போகாம இருக்கறதுக்கு. சேவூர் சென்னியப்பன் இதுக்குன்னே பஞ்சு மெத்தை வாங்கி அடிச்சானாம். முட்டாள். பனியன் துண்டு கெடக்கறப்ப எவனாச்சும் காசு குடுத்துப் பஞ்சு வாங்குவானா?

— அப்ப இது சேவூர்க்காரர் கூடப் போட்டிங்க.

— அவங்கூட எனக்கென்ன போட்டி? போன மாசம் படம் பாக்க வான்னு கூப்புட்டானல்லோ. போனேன். பத்துப் பேரு உக்காந்திருக்கறோம். படத்துல மழை வருது. அத்தனை பேரும் பொறகால திரும்பித் திரும்பிப் பாக்கறானுக, மழை அங்க இருந்து பேயுதாம். எங்க பேயுது? ஒண்ணும் வல்ல. தகரப் பொட்டி. அவன் மூஞ்சிக்காக அத்தனை பேரும் தலையத் திருப்பி ஜால்ரா போட்டானுக.

— நீங்க திரும்பலீங்களா?

— மருவாதைக்கு நானும் திரும்புனேன்.

— நல்ல மருவாதைங்க. ஏனுங்க, மருதாள் வந்து வாசல்ல நிக்கறா. காலையில இருந்து நிக்கறா.

— எந்த மருதாள்?

— நல்லாக் கேட்டீங்க. ராசப்பன் பொண்டாட்டிங்க. நெருப்பெரிச்சல் ஊருல ஓலைச் சாளையில நாம ரெண்டே பனியன் மிசின் போட்டு ஆரம்பிச்சப்ப, ஒரு மிசின் நீங்க நின்னீங்க, ஒரு மிசின் அவ புருசன் நின்னான். ரெண்டு பேருக்கும் சேத்துச் சோறாக்கிப் போட்டவ அவ. அது மறந்து போச்சுங்களா?

— ஆக்கிப் போட்ட சோத்துக்கு ஆயுசு முச்சூடும் சம்பளம் குடுத்தாச்சு. போகச் சொல்லு.

— ராசப்பனை வேலைய விட்டு நிறுத்திப் போட்டீங்க. கடைசிப் பொண்ணுக்கு மாப்பள பாத்துட்டு இருக்கறாங்க. வேலையில்லாத அப்பன்னா எவன் வருவான்னு அழுவறா.

— மிசின்ல ஊசி ஒடஞ்சு துணி பூராவும் கோடு விழுந்திருக்குது. அவம்பாட்டுக்கு எதுக்கால நின்னு வேடிக்கை பாத்துட்டு இருந்திருக்கறான். ஊசி ஒடஞ்சா மிசின் சத்தமே மாறும். செவிடனுக்குக் கூடத் தெரியும்.

— செவிடனுக்குத் தெரியாதுங்க. அதைத்தான் அவன் சொல்றான். காது கேக்கறதில்லையாம். கோயமுத்தூருக்குப் போயி டாக்டர்கிட்டக் காட்டிப்போட்டு வந்திருக்கறான். இத்தனை வருசம் மிசின் சத்தத்துல நின்னு நின்னு நரம்பு போயிருச்சுன்னு சொன்னாராம்.

— காசு வாங்கற டாக்டரு காது நல்லா இருக்குதுன்னா சொல்லுவான்? நடிப்பு. சுத்த நடிப்பு. சம்பளத்த ஒசத்திக் குடுக்கறேன்னு மெல்லமாச் சொல்லிப் பாரு, அப்பக் கேக்கும் அவனுக்கு.

— மொதலாளி, பின்னாடி ரெண்டையும் மாட்டிட்டேன். இது நம்ம கோயமுத்தூர்லயே பண்ண ஜோடி. போட்டுப் பாக்கலாமா? லைட்ட அணைச்சுருதேன், தியேட்டர் மாதிரி இருக்கும்.

— லைட்ட அணைக்காதே.

— இருட்டுலதான் மொதலாளி நல்லா இருக்கும்.

— லைட்டு எரியட்டும்னு சொல்லிப்போட்டேன். பேசறவன் மூஞ்சி எனக்குத் தெரியோணும். இருட்டுல எவன் என்ன பேசறான்னு எவன் கண்டான்.

— சரி மொதலாளி. முன்னாடி இருக்கிற அத்தனையும், கீழ இருக்கிற பெரிய பொட்டியையும் அணைச்சுருதேன். அப்பத்தான் பின்னாடி வாரது தனியாத் தெரியும். இப்பம் மழை வரும் பாருங்க. அப்புறம் ஒரு குதிரை, இடது பக்கம் இருந்து வலது பக்கம் ஓடும். அப்புறம் இடி. இந்தா, வருது.

— எங்க?

— மழை வந்துட்டு மொதலாளி.

— எங்கடா வருது? ஒண்ணும் காணம். கூட்டு.

— கூட்டிட்டேன்.

— இன்னும் கூட்டு. என்ன, கரண்டு பில்லு நீயா கட்டறே? கூட்டுடா.

— போதுமுங்க. நிறுத்தச் சொல்லுங்க. காதுக்குள்ள ஆணி அடிக்கறாப்பல இருக்குது.

— இப்பத்தான் ஏதோ கரகரங்குது. இதுவா மழை? தகரத்துல உப்பைக் கொட்டுனாப்பல. நிறுத்து. பாத்தயா மயிலா, உனக்கே புடிக்கல.

— எனக்குப் புடிக்காதது சத்தமுங்க. மழை நல்லாத்தான் பேஞ்சுது.

— என்ன?

— ஒண்ணுமில்லீங்க.

— வாயிக்குள்ளயே பேசிப் பழகிட்டீங்க அத்தனை பேரும். கம்பெனியிலயும் இப்படித்தான். சூப்பர்வைசரு வந்து நின்னுக்கிட்டு மொணமொணங்கறான். என்னடான்னு கேட்டா வெடவெடன்னு நடுங்கறான். ஒரு சொல்லு நேராச் சொல்லத் தெரியாத கூட்டம்.

— மொதலாளி, இந்த ஜோடி வேண்டாம்னா சிங்கப்பூர் ஜோடி இருக்கு. அதைக் கேட்டவங்க ஒருத்தரும் குறை சொன்னதில்ல.

— அத மொதல்லயே எடுக்கறதுக்கு என்ன கேடு? நாச்சிமுத்து ஊட்டுக்குக் கோயமுத்தூர்ப் பொட்டி போதும்னு நெனச்சுட்டயா? மாட்டு.

— அஞ்சு நிமிசம் மொதலாளி. மழை அப்படியே முதுகுல விழுறாப்புல இருக்கும். போன வாரம் ஒரு வீட்டுல கேட்டுட்டு அந்த வீட்டம்மா முந்தானைய எடுத்துத் தலையில போட்டுக்கிட்டாங்க.

— பாத்தயா மயிலா. அதுதான் ஸ்பீக்கரு. அவன் மாட்டட்டும், நீ இங்க வந்து சோபாவுல உக்காரு. வலப்பக்கம் உக்காரு.

— எங்க உக்காந்தா என்னங்க?

— வலப்பக்கம் உக்காருன்னா உக்காரு. எல்லாத்துக்கும் ஒரு கேள்வி.

— ஏனுங்க, மருதாளுக்கு ஒரு பதிலாச்சும் சொல்லுங்க. மிசின் வேண்டாம், நூல் குடோன்ல நிக்க வெய்யுங்க. கோன் எடுத்துக் குடுக்கறதுக்குக் காது எதுக்குங்க?

— ஒருத்தனை நிக்க வெச்சா நாளைக்கு ஒம்போது பேரு காதப் பொத்திக்கிட்டு வருவானுக. எனக்கும் நரம்பு போச்சு, எனக்கும் குடோன் வேணும்னு. நானும் அதே சாளையில, அதே மிசின் பக்கத்துல, அவங்கூடவே நின்னேன். அவனுக்கு ஒரு மிசின், எனக்கு ஒரு மிசின். எனக்கு என்ன ஆச்சு? என்ற காது போச்சா?

— நீங்க மிசின் பக்கம் போயே எத்தனையோ வருசம் ஆச்சுங்களே.

— மொதலாளி எதுக்கு மிசின் பக்கம் போறான்? ஆளுக இருக்கறானுக.

— போனக் கூட எடுக்கறதில்ல. மேனேஜரு கையில குடுத்துப் போடறீங்க.

— பெரிய மனுசன் போன எடுப்பானா? உன்ற புத்தி இன்னும் சாளைய விட்டு வல்ல.

— அம்மா, இந்த ஒயரு முனைய சித்த நேரம் புடிச்சுக்கிடுங்க. கீழ விட்டா சோபாவுக்கு அடியில போயிரும். ஸ்க்ரூ டிரைவர வண்டியில விட்டுட்டேன், எடுத்துட்டு வாரேன்.

— கரண்டு அடிக்குமா தம்பி?

— அடிக்காதும்மா. பேசாமப் புடிங்க.

— அப்படியே போறப்ப மருதாளுக்கு ஒரு டம்ளரு தண்ணி குடுக்கச் சொல்லிட்டுப் போ தம்பி. வெயில்ல நிக்கறா.

— ஏம்புள்ள, ஆரு கூடப் பேசறே? அந்த ரிமோட்ட எடு.

— தவசி வந்துரட்டுமுங்க.

— அவன் எதுக்கு? அதுதான் மாட்டிப்போட்டானல்லோ. ஒரு பட்டன அமுக்கறதுக்கு மெக்கானிக்கு வேணுமா? பேசாம உக்காந்து கேளு. இந்தா, அமுக்கிட்டேன். பாரு, மேகம் கட்டிருச்சு. பாரு, மழை.

— ஏனுங்க.

— பேசாதே. கேளு. அட, அட. இதுதான் மழை. முதுகுல விழுவுது. கேக்குதா?

— என்னங்க கேக்கறது?

— உனக்கு எங்க கேக்கும். இதுக்கெல்லாம் ஒரு காது வேணும். ரெண்டு பக்கமும் சமமாப் பேயுது. சென்னியப்பன் வந்து கேட்டான்னா அந்தத் தகரத்தத் தூக்கிக் குப்பையில போடுவான்.

— நல்லாக் கேக்குதுங்களா?

— நல்லாவா? துளித்துளியாக் கேக்குது.

— இப்பவும் மழைதானுங்களா?

— இப்பக் குதிரை. இடப்பக்கம் கெளம்பி வலப்பக்கம் ஓடுது. குளம்புச் சத்தம் தனித்தனியா வருது. டக்கு டக்குன்னு.

— இடப்பக்கமும் கேக்குதுங்களா?

— என்ன?

— இடப்பக்கமும் கேக்குதான்னு கேட்டனுங்க.

— கேக்காம? இந்த ஜோடியே இருக்கட்டும். தவசிகிட்டச் சொல்லிப் போடு, இதுல இருந்து ஒரு பொட்டி கூட நகரக் கூடாது. ஞாயித்துக்கெழமை சென்னியப்பனையும் அந்த ஜால்ராக் கூட்டத்தையும் கூப்புட்டு உக்கார வெக்கறேன். அவனுக திரும்பிப் பாக்கட்டும்.

— சரிங்க.

— இப்ப இடி. அப்பா, தரையே அதுருது. இப்பப் போயி அந்த மருதாகிட்டச் சொல்லு. உன்ற புருசன் நின்ன அதே மிசின் சத்தத்துலதான் மொதலாளியும் நின்னாரு, அவருக்குப் பொறகால பேயற மழை துளித்துளியாக் கேக்குது, உன்ற புருசனுக்கு மட்டும் எப்படிச் செவிடாகும்னு கேளு. நடிப்பு நம்மகிட்ட வேகாதுன்னு சொல்லு. போ.

— போறனுங்க. அதுக்கு முந்தி அந்த டிவியப் பாக்கறத விட்டுப்போட்டு சித்த இப்படித் திரும்புங்க. எங் கையப் பாருங்க.

— என்ன அது?

— பொறகால பொட்டிக்குப் போற ஒயருங்க. தவசி இன்னும் மாட்டவே இல்ல. முன்னாடிப் பொட்டி அத்தனையும், கீழ இருக்கற பெரிய பொட்டியும் அவன் அப்பவே அணைச்சது. நீங்க பட்டன அமுக்குனதுல இருந்து இந்த ரூமுக்குள்ள ஒரு சத்தமும் இல்லீங்க. உங்க குரலத் தவிர.

— என்ன?

— இத்தன வருசமா நீங்க இப்படி என்னன்னு கேக்கறப்பெல்லாம் கோவம்னு நெனச்சுட்டனுங்க. கம்பெனியில அவனவன் நடுங்கறான். நானும் நடுங்கியிருக்கறேன். கோவம் இல்லீங்களா அது?

— தவசி பாத்துட்டானா?

— அவன் வண்டியில தேடிட்டு இருக்கறான்.

— மருதாள் போயிட்டாளா?

— அவ எங்க போவா. வாசல்லதான் நிக்கறா. நீங்க சொன்னத அப்படியே போயிச் சொல்லட்டுமுங்களா?

— இரு.

— இருக்கறனுங்க.

— ராசப்பனை நாளைக்கு வரச் சொல்லு. மிசின் பக்கம் வேண்டாம். குடோன்ல நிக்கட்டும்.

— சரிங்க.

— மயிலா. அவன் காதப் பாத்த டாக்டரு ஆருன்னு மருதாகிட்டக் கேட்டுட்டு வா. எனக்குன்னு சொல்லிப் போடாதே.