அறுபத்தெட்டாம் பக்கம் வெள்ளையாக இருப்பது ஏன்?

இந்தச் சபைக்குத் தலைமை தாங்கி, எனக்குப் பேச வராது என்று தெரிந்தும் என்னைப் பேசக் கூப்பிட்ட மரியநாயகம் ஐயா அவர்களே! மூன்று புத்தகங்களையும் தன் பிள்ளையின் கலியாணப் பத்திரிகைபோலப் பார்த்துப் பார்த்து அச்சடித்த மஹ்ரூப் நானா அவர்களே! மழையில் நனைந்து பஸ் மாறிப் பதுளைக்கு வந்து சேர்ந்த பெரியவர்களே! இன்றைக்குப் பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுக்காமல், காலில் ஒட்டிய மலை மண்ணைக் கழுவி, நல்ல சேலை உடுத்தி வந்திருக்கிற என் தாய்மாரே! தகப்பன்மாரே! பின்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிற பிள்ளைகளே! எல்லோருக்கும் ரெங்கம்மாவின் வணக்கம்.

மைக்கைக் கிட்ட வைக்கச் சொல்கிறீர்களா? வைத்தாயிற்று. இப்போது கேட்கிறதா? சரி.

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். முப்பத்தொரு வருடம் கொழுந்து எடுத்தவள். என் மகள் சுபாஜினி படம் எடுத்தவள். போன மாசி மாதம் மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் பிள்ளை இல்லை. இருபத்தேழு வயது. அவள் விட்டுப்போன மூன்றாவது புத்தகத்தைத்தான் இன்று உங்கள் கையில் கொடுக்கிறோம். அதில் அறுபத்தெட்டாம் பக்கம் வெள்ளையாக இருக்கிறது. வாசலிலேயே இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், "அச்சுப் பிழையாம்மா?" என்று. பிழைதான். ஆனால் அச்சின் பிழை இல்லை, என் பிழை. அதைச் சொல்லத்தான் மேடை ஏறினேன்.

நம்மை யார் படம் எடுத்தார்கள் தாய்மாரே? அடையாள அட்டைக்கு ஒரு தடவை. செத்தபிறகு பெட்டியைச் சுற்றி நின்று ஒரு தடவை. இதைத்தவிர நமக்கு ஏது படம்? அதனால்தான் என் மகள் முதன்முதலில் கெமராவை என் பக்கம் திருப்பியபோது கத்தினேன்: "எடுத்தியோ, அந்தப் பொட்டியத் தூக்கி அடுப்புல போட்டுருவேன்!" பிறகு அவள் என் முகத்துக்கு நேரே அதைத் தூக்கவே இல்லை. நாலாயிரம் முகங்களை எடுத்தாள். அவளுடைய மரண அறிவித்தலில் போட அவள் முகம் இல்லை. அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கிப் போட்டோம்.

அவள் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். தோட்டம் தோட்டமாகப் போய்விட்டு வந்து, எங்கள் லயத்து வீட்டுக் காம்பராவில் பாயை விரித்து, லெப்டொப்பைத் தகரப் பெட்டியின் மேல் வைத்து உட்காருவாள். விரல் நுனியால் தட்டித் தட்டி ஒவ்வொரு படமாகத் தள்ளுவாள்.

"என்னடி, சீட்டு வெளையாடுறியா?"

"இல்லம்மா, பொறுக்குறேன். நூறு எடுத்தா மூணு தேறும்."

"எங்க கங்காணிகிட்ட இப்பிடி எடுத்திருந்தா, மத்தியானமே ஒன்ன வீட்டுக்கு அனுப்பியிருப்பாரு!"

சிரிக்கிறீர்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அந்தத் தேறிய மூன்றை அவள் என்ன செய்தாள் தெரியுமா? கறுப்பாகக் கிடந்த ஒரு மூலையை மெல்ல மெல்ல வெளுக்க வைப்பாள். அங்கே ஒரு கண் வரும். ஒரு கன்னம் வரும். இருட்டுக்குள் உட்கார்ந்திருந்த ஒரு மனுஷியைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வருவதுபோல இருக்கும். நான் வெங்காயம் உரிப்பதை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்த்திருப்பேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. ஒரு தோட்டத்துக்குப் படம் எடுக்க ஒரு தடவை போவாள். பிறகு அதே தோட்டத்துக்கு இன்னொரு தடவை போவாள். "எடுத்த படத்தக் காட்டுறதுக்கு இன்னொரு பஸ்ஸாடி?" என்று ஏசுவேன். "ஆமாம்மா, இன்னொரு பஸ்தான்" என்பாள். அவ்வளவுதான்.

அவள் போனபிறகு, அவளோடு சேர்ந்து புத்தகத்தின் பக்கங்களை அடுக்குகிற சிநேகிதி றிஸ்னி, இதோ கீழே உட்கார்ந்திருக்கிறாள், வீட்டுக்கு வந்தாள். "அம்மா, மூணாவது புத்தகத்துக்கு எந்தப் படமெல்லாம்னு அவ எனக்குச் சொல்லல. நீங்க பாத்துச் சொல்லுங்க" என்று லெப்டொப்பைத் திறந்து கொடுத்தாள். ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு புள்ளி இருந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு. பச்சைப் படங்களெல்லாம் முதல் இரண்டு புத்தகங்களிலேயே வந்துவிட்டவை. மஞ்சள் ஏதோ பழுத்த இலைபோலப் பட்டது. சிவப்பு? தாய்மாரே, நமக்குச் சிவப்பு என்றால் என்ன? பொட்டு இல்லையா? குங்குமம் இல்லையா? கூறைச் சேலை இல்லையா? மகள் ஆசையாகப் பொட்டு வைத்து எடுத்து வைத்த படங்கள் இவைதான் என்று நினைத்தேன். அறுபத்தொரு சிவப்பையும் பொறுக்கிக் கொடுத்தேன். றிஸ்னி அடுக்கினாள். நானா ஒரு மாதிரிப் பிரதி அடித்துக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார்.

அதற்குப் பிறகுதான் அவள் கெமராப் பையின் அடியில் ஒரு சின்னக் கொப்பி கிடைத்தது. எழுத்துக் கூட்டி வாசித்தேன். "பச்சை: கேட்டாச்சு, சரின்னுட்டாங்க. மஞ்சள்: வேணாம்னுட்டாங்க. சிவப்பு: இன்னும் கேக்கல."

இன்னொரு பஸ் எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது. படத்தை அவர்கள் கையிலே கொடுத்து, இது உங்கள் முகம், புத்தகத்தில் போடவா என்று கேட்காமல், என் பிள்ளை ஒருவர் முகத்தையும் அச்சிட்டதில்லை. நான் கேட்காத அறுபத்தொரு பேரை அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்!

"நிப்பாட்டுங்க நானா" என்றேன்.

"நீங்க சொல்லாம மிஷின் ஓடாது தங்கச்சி" என்றார்.

நானா தனித்தனியாக அடித்துத் தந்த படங்களை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு, கொப்பியில் எழுதியிருந்த தோட்டங்களைத் தேடிப் புறப்பட்டேன். மகள் பாதி போன பயணத்தில் மீதியைத் தாய் நான் போனேன். அப்போதுதான், ஐயா, நான் பிறந்த ஊவா மலைநாட்டை முதல்முதல் பார்த்தேன். முப்பத்தொரு வருடம் மலை ஏறியவள் மலையைப் பார்த்தேனா? கொழுந்தைப் பார்த்தேன். கூடையைப் பார்த்தேன். அட்டை ஏறுகிற காலைப் பார்த்தேன். பெரகலைச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றபோது, கீழே பள்ளம் முழுக்க மேகம் பால்போலப் பொங்கி வந்து, வெயில் பட்டதும் மடிந்து மடிந்து இறங்கியது. மகள் எடுத்த படம் ஒன்றில் அதே மேகத்தைப் பார்த்து, "இது நீ கம்பியூட்டர்ல செஞ்சதுதானே?" என்று கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அந்தச் சந்தியில் நின்று அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். கடவுள் கண்ணுக்கு முன்னாலேயே விரித்து வைத்திருந்திருக்கிறார். என் மகள் வந்து காட்டவேண்டி இருந்திருக்கிறது!

ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கருப்பம்மா. இதோ முன்வரிசையில் இருக்கிறாள். படத்தைப் பார்த்ததும் சண்டைக்கு வந்தாள். "ஏன்டி, இந்தக் கிழிஞ்ச பிளவுஸோடயா என்ன ஊருக்குக் காட்டப்போற?" என்றாள். அடுப்பு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். வெளியே போய் வெயிலில் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "போடு. ஆனா பேரையும் போடு. வெள்ளக்காரன் வந்து எடுத்துக்கிட்டுப் போனான், கொழும்புக்காரன் வந்து எடுத்துக்கிட்டுப் போனான், ஒருத்தனாச்சும் பேரு கேட்டானா? கொழுந்து எடுக்கிற பொம்பளன்னு போட்டுக்கிட்டான். எனக்குப் பேரு இருக்குடி!"

கை தட்டுங்கள், இதற்குத் தட்டுங்கள்! கருப்பம்மா, எழுந்து நில்லு!

பூனாகலையில் வீரய்யா அண்ணன். லயத்து வாசலில் தனியே உட்கார்ந்திருக்கிற படம். அறுபத்தொன்றிலும் அதுதான் என்னை உலுக்கிய படம். அவர் கை நீட்டி வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தாயி, இது என் சம்சாரம் போயி மறுநாள். இந்த ஒரு நாளு எனக்கு மட்டும் இருக்கட்டுமே." நான் சரி என்றேன். படத்தை அவரிடமே கொடுத்தேன். உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து, "ஒங்க மக ஏன் வரல?" என்று கேட்டார். சொன்னேன். இரண்டு பேரும் அந்தத் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை. அப்படியே ஆறிப்போனது. அந்தப் படம் இந்தப் புத்தகத்தில் இல்லை. இல்லாததுதான் சரி.

இப்படி ஐம்பத்திரண்டு பேர் சரி என்றார்கள். எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். ஒரே ஒரு படம் மிஞ்சியது. கறுப்பு வெள்ளைப் படம். பனிக்குள் ஒரு பெண்பிள்ளை, முதுகைக் காட்டிக்கொண்டு, கூடையோடு மலை ஏறுகிறாள். முகம் இல்லை. அவள் யார்? எந்தத் தோட்டம்? கொப்பியிலும் இல்லை. போன இடமெல்லாம் காட்டிக் கேட்டேன். ஸ்பிரிங்வெளியில், "இது எங்க அக்கா மாதிரியே இருக்கு" என்றார்கள். பெரகலைக் கடையில் ஒருவர், "எங்கம்மா நடக்குற நடை" என்று கண்ணைத் துடைத்தார். பூனாகலையிலோ நாலு பேர் நாலு பெயர் சொன்னார்கள். எல்லோருக்கும் அவளைத் தெரிகிறது, ஒருவருக்கும் அவள் யார் என்று தெரியவில்லை! இது என்ன படம் தாய்மாரே? ஒரு முதுகுக்குள் எத்தனை பேரை என் பிள்ளை ஏற்றி வைத்திருக்கிறாள்?

தோற்றுப்போய் வீட்டுக்கு வந்தேன். றிஸ்னி சொன்னாள்: "அம்மா, இது எடிட் பண்ணின படம். அவ எடுத்தபடியே அசல் உள்ளுக்குக் கெடக்கும். கலரோட பாப்போமா?" ஒரு தட்டுத் தட்டினாள்.

கறுப்பு வெள்ளை போய், தேயிலை பச்சையாக வந்தது. மண் சிவப்பாக வந்தது. கூடைக் கயிறு தலையை அறுக்காமல் இருக்க மடித்து வைத்த துணி நீலமாக வந்தது. நீலத்தில் வெள்ளைக் கோடு.

அது சுபாஜினியின் பள்ளிக்கூட டை.

அவள் பள்ளிக்கூடம் முடித்த வருடத்திலிருந்து அதைத்தான் மடித்துத் தலையில் வைக்கிறேன். என் முதுகை நான் எங்கே பார்த்தேன்? என்னையே பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு, தோட்டம் தோட்டமாகப் போய், "இந்தப் பொம்பளையத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறேன்!

திட்டுவேன் என்று பயந்து பின்னால் வந்து எடுத்திருக்கிறாள். எடுத்தவள் கேட்காமல் போடமாட்டாளே, சிவப்புப் புள்ளியும் வைத்திருக்கிறாள். நல்ல நேரம் பார்த்து என்னிடம் கேட்க இருந்திருக்கிறாள். நேரம் வரவில்லை.

"தாய்தானே, போட்டுருவோம்" என்றார்கள் எல்லோரும். முடியாது என்றேன். அறுபது பேரைக் கேட்டுச் செய்த பிள்ளையின் புத்தகத்தில், ஒருத்தியை மட்டும் கேட்காமல் போடலாமா? கேட்க அவள் இல்லை. யாரிடம் போய் நான் சரி சொல்வேன்? அதனால் அந்தப் பக்கத்தை வெள்ளையாக விடச் சொன்னேன். படத்தை மட்டும் நானா தனியாக அடித்து வைத்திருக்கிறார். அதோ மேசையில் அந்தக் கட்டு. என் பதிலை இன்றைக்கு மேடையில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன்.

அழாதே கருப்பம்மா, பேச்சுத் தடுமாறுகிறது.

றிஸ்னி, அந்த லெப்டொப்பை மேடைக்குக் கொண்டு வா மகள். திற. அந்தப் படத்தை எடு. எல்லோரும் பார்க்க வை. சுபாஜினி, நீ கேட்காவிட்டாலும் எனக்குக் கேட்டுவிட்டது. அம்மா ஏசமாட்டேன். அடுப்பில் போடமாட்டேன். போடு தங்கம்.

றிஸ்னி, சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையை வை. கொப்பியில் எழுது: கேட்டாச்சு. சரின்னுட்டாங்க.

பெரியோர்களே, தாய்மாரே, போகும்போது ஆளுக்கொரு படம் வாங்கிப் போங்கள். அறுபத்தெட்டாம் பக்கத்தில் உங்கள் கையால் ஒட்டுங்கள். கருப்பம்மா சொன்னதை மறக்காமல் கீழே பேரையும் எழுதுங்கள். ரெங்கம்மா. எடுத்தது மகள் சுபாஜினி.

இவ்வளவு நேரம் என் பிள்ளைக்காக மழைச் சத்தத்தோடு உட்கார்ந்திருந்த உங்கள் எல்லோரையும், தலையில் கூடை இல்லாமல், நிமிர்ந்து நின்று கும்பிடுகிறேன். நன்றி. வணக்கம்.